டர்போ காரும் ஒரு பஸ் டிக்கெட்டும்

கேள்வி கேட்பதுதான் என் தொழில். கொழும்பில், புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பது வருடங்களாகக் காணி வழக்குப் பேசி வருகிறேன். வேலியை யார் நகர்த்தினார், எப்போது நகர்த்தினார், நகர்த்திய அன்று வெயிலா மழையா என்று அடுக்கடுக்காகக் கேட்டு, எதிர்த்தரப்புச் சாட்சியைத் தண்ணீர் குடிக்க வைத்துவிடுவேன். வீட்டில் மட்டும் நான் கேள்வி கேட்பதில்லை. அது எங்கள் வழக்கம்.

யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த வீட்டில், வெளியே புறப்படுகிறவரைப் பார்த்து "எங்க போறியள்?" என்று கேட்பது பெரும் குற்றம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், புறப்பட்டவர் திரும்பி வந்து, கதிரையில் அமர்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கேட்டவரை நன்றாக முறைத்துவிட்டுத்தான் மறுபடி படலையைத் திறப்பார். கட்டாயம் அறிய வேண்டுமென்றால் "தூரவோ?" என்று கேட்கலாம். "இல்லை, கிட்டத்தான்" என்று பதில் வரும். அந்தக் கிட்டத்தில் சந்திக் கடையும் அடங்கும், கொழும்பும் அடங்கும்.

என் மனைவி கொட்டாஞ்சேனைக்காரி. கொழும்புத் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அண்ணன்மார் மூவரும் லொறி ஓட்டியவர்கள். அந்த வீட்டில் எல்லாம் நேர்மாறு. ஒருவர் படியிறங்கினால் போதும், எங்கே, எதற்கு, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று மேல்மாடியிலிருந்து தெருவுக்கே கேட்க விசாரிப்பார்கள். பதிலும் தெருவிலிருந்தே கத்திச் சொல்லப்படும். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவளை விரும்பிக் கட்டினேன். கல்யாணத்துக்கு வரவே மாட்டோம் என்று இரு வீட்டாரும் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வந்தார்கள்.

கட்டிய முதல் வாரமே எங்கள் வழக்கத்தை அவளுக்கு விளக்கினேன். "அப்ப எங்க போறீங்கன்னு கேக்கவே கூடாதா?" என்று வியந்தாள். பிறகு பழகிக்கொண்டாள். வெள்ளவத்தையில் கடல் காற்று வீசும் ஒரு நான்காம் மாடி வீட்டில், "தூரவோ?", "கிட்டத்தான்" என்று இருபத்தெட்டு வருடங்களாகச் சண்டை சச்சரவில்லாமல் குடும்பம் நடத்துகிறோம். எங்கள் ஒற்றுமையைப் பற்றி நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இனிக் காருக்கு வருகிறேன்.

ஐம்பத்தைந்து வயதில் எனக்குச் சர்க்கரை வருத்தம் வந்தது. மற்றவர்கள் என்றால் நடக்கத் தொடங்குவார்கள். நான் கார் வாங்கினேன். கனடாவுக்குப் போகிற ஓர் இளம் பொறியியலாளர் விற்ற ஜப்பான் கார். டர்போ பூட்டியது, கையால் கியர் மாற்றுவது, பின்னால் ஒரு பெரிய புகைக்குழாய். எங்கள் மாடிக்குடியிருப்பின் அடித்தளத்தில் அதைத் தொடக்கினால் இரண்டாம் மாடியில் குழந்தைகள் அழும். நான் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக அதில் புதுக்கடைக்குப் போய் இறங்கும்போது இளம் சட்டத்தரணிகள் வந்து சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தக் காருக்கு என்னென்ன செய்யலாம் என்பதைப் பற்றி அவர்களோடு மணிக்கணக்காகக் கதைத்திருக்கிறேன். அது என்னென்ன செய்யும் என்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. காலி வீதியில் எங்கே பார்ப்பது? முன்னால் பஸ், பின்னால் பஸ், நடுவில் ஓட்டோ.

மனைவி ஒரு தரம் மட்டும், வாங்கிய புதிதில், "ஒரு நாளைக்கு எனக்கும் தாங்களேன்" என்றாள். "இது டர்போ. உமக்குச் சரிவராது" என்றேன். அவளிடம் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இருப்பது எனக்குத் தெரியும். காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று புதுப்பிப்பாள். அடையாள அட்டை தொலைந்தால் உதவும் என்று வைத்திருக்கிறாள் என நினைத்திருந்தேன். அவள் அதன் பிறகு கேட்கவில்லை. நானும் அதை மறந்துவிட்டேன்.

இரண்டு வருடம் ஓடிய பிறகு, இருக்கிற டர்போ எனக்குப் போதாது என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. இன்னும் பெரிய ஒன்றைப் பூட்டினேன். பூட்டிய அன்றே கார் இருமத் தொடங்கியது, முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கொட்டாஞ்சேனையில் ஒருவரிடம் கொண்டுபோகச் சொன்னார்கள்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். முன்பு துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் மின்னணுப் பகுதிகளைத் திருத்தியவர். இப்போது சந்துக்குள் ஒரு கராஜில் லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு கார்களின் மூளையைத் திருத்துகிறார். அவர் கையில் கிரீஸ் இல்லை. அதைக் கண்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

"சேர், காருக்கு ஒடம்பு மாறிடிச்சு, மூளைக்கு இன்னும் நியூஸ் போகல்ல" என்றார் அவர். "பழைய டர்போதான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு அதுக்குத்தான் பெட்ரோல் குடுக்குது. காத்து கூட வருது, பெட்ரோல் பத்தல்ல. அதான் இருமுது."

முதலில் எஞ்சினுக்குச் சேதம் வராதபடி ஒரு பாதுகாப்பான கணக்கைக் காரின் கொம்பியூட்டரில் ஏற்றினார். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே பெருவிரல் அளவான ஒரு சின்னப் பெட்டியைச் செருகினார். கார் எந்த நேரம் தொடங்கியது, எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றியது, கால் எவ்வளவு மிதித்தது, கியர் எப்போது மாறியது என்று அத்தனையையும் அது பதிந்து வைக்குமாம். இரண்டு கிழமை வழமைபோல ஓட்டிக் கொண்டுவந்தால், அந்தப் பதிவைப் பார்த்து என் காருக்கும் என் காலுக்கும் பொருத்தமாக உண்மையான கணக்கை எழுதித் தருவாராம்.

"ஒண்ணு மட்டும் கட்டாயம் சேர். எயார்போர்ட் எக்ஸ்பிரஸ்வேயில ஒரு தரமாவது பெடல் தரையில முட்ற மாதிரி மிதிச்சு, எஞ்சின் சுத்துற முள்ள சிவப்புக் கோடு வரைக்கும் கொண்டுபோவணும். மேல என்ன நடக்குதுன்னு தெரியாம நான் எழுத ஏலாது. மூணாம் கியர்னா நல்லம்." என் கழுத்துப்பட்டியைப் பார்த்தார். "நீங்க லோயர்தானே. ரெண்டாம் கியர்ல செய்யுங்க, வேகம் நூறு லிமிட்டுக்குள்ள நிக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவிக்கு அந்தப் பெட்டியைப் பற்றி விரிவாக விளக்கினேன். ஒரு நொடியையும் அது தவறவிடாது, அதனிடம் யாரும் பொய் சொல்ல முடியாது, இப்படி ஒரு சாட்சி எனக்கு ஒரு வழக்கிலாவது கிடைத்திருந்தால் என்றெல்லாம் சொன்னேன். அவள் இடியப்பத்துக்குச் சொதி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் எழுதுமா?" என்று மட்டும் கேட்டாள். "எல்லாத்தையும்" என்றேன்.

எக்ஸ்பிரஸ்வேக்கு ஒரு புதன்கிழமை போனேன். இரண்டாம் கியர், மிதித்தேன். கார் முதலில் யோசித்தது. பிறகு ஒரு விசில் சத்தம் வந்தது, இருக்கை என் முதுகைப் பிடித்துத் தள்ளியது, என் வயிறு எக்ஸ்பிரஸ்வே தொடங்கும் பேலியகொடையிலேயே நின்றுவிட்டது. காலை எடுத்துவிட்டேன். எடுத்ததை நான் எடுத்ததாக எண்ணவில்லை. நன்றாகவே மிதித்தேன், இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தவர் இதற்கு மேல் மிதிக்க மாட்டார் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

இரண்டு கிழமை கழிந்து ஒரு சனிக்கிழமை அவரிடம் போனேன். அவர் பெட்டியைக் கழற்றி லெப்டொப்பில் பொருத்தினார். திரையில் கோடுகள் ஓடின. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"சேர், கோவிச்சுக்காதீங்க. இது என்னா ஓட்டு?"

"ஏன்?"

"திங்கள் காலையில பெடல் பதினெட்டு வீதம். செவ்வாய் பதினாறு. புதன் எக்ஸ்பிரஸ்வேல இருபத்தொம்பது வரைக்கும் போயி, பயந்து திரும்பி வந்திருக்கு. சவ ஊர்வலத்துல போற கார் இதவிடக் கொஞ்சம் மிதிக்கும்."

நான் இருமினேன், கார் இருமியதைப் போலவே.

"ஆனா" என்று அவர் திரையை என் பக்கம் திருப்பினார். குரலில் மரியாதை ஏறியிருந்தது. "இதப் பாருங்க. போன ஞாயிறு காலையில ஏழு இருபது. அதுக்கு முந்தின ஞாயிறும் அதே நேரம். ரெண்டாம் கியர், பெடல் நூறு வீதம், சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழ வரைக்கும் ஒரே இழுப்பு. நடுவுல கால் நடுங்கவேயில்ல. பிறகு மூணாம் கியர், கோட்டுல ஒரு தட்டுக்கூட இல்லாம. நூறுக்கு மேல போகவும் இல்ல. பதினஞ்சு வருஷமா இந்தப் பதிவு, லோக்கெல்லாம் பாக்கிறேன் சேர், இப்பிடி ஒரு கால் கண்டதில்ல. கிழமை நாள்ல ஏன் சும்மா நடிக்கிறீங்க?"

ஞாயிறு காலை ஏழு இருபதுக்கு நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரையில் இருந்தேன். ஞாயிறுகளில் எட்டரைக்கு முன் நான் எழும்பியதாக வரலாறு இல்லை.

அந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதர் "அது நானில்லை" என்று சொல்லியிருப்பார். நான் வேட்டித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஞாயிற்றுக்கிழமைகளிலை றோட்டு வெறிச்செண்டு இருக்கும்" என்றேன். சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முப்பது வருடத் தொழில் அந்த அளவுக்காவது கைகொடுத்தது.

அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை இழுப்புகளையும் வைத்துத்தான் அவர் புதுக் கணக்கை எழுதினார். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், பொறி எந்த நேரத்தில் பறக்க வேண்டும், டர்போ எவ்வளவு ஊத வேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்களை மாற்றிக்கொண்டே போனார். ஏற்றும் நேரம் வந்ததும் பற்றரிக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தார், காரின் கதவைக்கூட யாரும் தொடக் கூடாது என்றார். பாதியில் நின்றால் மூளை செத்துவிடுமாம். சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார். நான் கண்ணாடிக்குள்ளால் முகப்பில் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெடலையும் கொஞ்சம் உசார் பண்ணியிருக்கேன், உங்க காலுக்கு ஏத்த மாதிரி" என்றார் முடிந்ததும். "இன்னும் ஒரு கிழமைக்குப் பெட்டி இருக்கட்டும். அடுத்த சனி நானும் கூட வந்து ஒரு இழுப்புப் பாத்து முடிச்சுத் தாறேன்."

வழி நெடுக நான் யோசித்தது ஒன்றைத்தான்: என் காரை எடுத்தது யார்? முதல் சந்தேகம் எங்கள் அடித்தளத்துக் காவலாளியின் மேல் விழுந்தது. காரை நிறுத்திவிட்டு, நீதிமன்றக் குரலில், சிங்களத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் என் கார் வெளியே போகிறதா என்று கேட்டேன்.

அவர் மலர்ந்து சிரித்தார். "ஏய் மாத்தயா, நோனா நே!" என்றார். ஏன் ஐயா, அம்மாதானே, என்கிறார். அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலை ஆறு மணிக்கு நோனா போவார், எட்டு மணிக்கு வருவார், அந்தக் குறுகிய ஏற்றத்தில் புகைக்குழாய் உரசாமல் ஏற்றுவார், மாத்தயா ஏற்றும்போதுதான் உரசும் என்று விளக்கமாகச் சாட்சியம் அளித்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கார் வந்த நாளிலிருந்து, என்றார்.

ஞாயிறுதோறும் அவள் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் பூசைக்குப் போவது எனக்குத் தெரியும். புறப்படும் சத்தத்தில் பாதி விழித்து "தூரவோ?" என்பேன். "கிட்டத்தான்" என்பாள். ஓட்டோவில் போகிறாள் என்று நானாக முடிவு செய்திருந்தேன். இரண்டு வருடம், நூறு ஞாயிறு. திங்கள் காலை நான் காரில் ஏறும்போது இருக்கை என் உயரத்துக்கே இருக்கும், கண்ணாடிகள் என் கண்ணுக்கே இருக்கும், வானொலிகூட என் செய்தி அலைவரிசையிலேயே இருக்கும். அவள் என்னைவிட முக்கால் அடி கட்டை.

மேலே போய்ச் சந்தோஷமாகக் கேட்டிருக்கலாம். கோபமாகவாவது கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்தக் கால் என்னுடையதல்ல என்று முதலில் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் அடுத்தவரை ஒப்புக்கொள்ள வைப்பவனுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. ஆகவே ஐம்பத்தேழு வயதான, ஓரளவு பெயரெடுத்த ஒரு சட்டத்தரணி செய்யத் தக்கதைச் செய்தேன். கார் கராஜில் நின்ற நாளொன்றில் பஸ்ஸில் போன டிக்கெட் சட்டைப்பையில் கிடந்தது. அதை நாலாக மடித்து, ஓட்டுநர் இருக்கை நகரும் தண்டவாளத்தின் இடுக்கில் செருகி வைத்தேன். இருக்கையை நகர்த்தினால் டிக்கெட் விழும். விழுந்தால் கையும் களவுமாகப் பிடிபடுவாள்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் இறங்கிப் பார்த்தேன். டிக்கெட் அதே இடுக்கில், அதே நாலாக மடிந்து இருந்தது. அன்று கார் வெளியே போகவில்லை என்று முடிவு கட்டினேன். சாட்சியமும் இல்லை, வழக்கும் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை அந்த நிம்மதி போனது. புதுக் கணக்கு ஏறிய கார் என் பேச்சைக் கேட்கவில்லை. வழக்கம்போல் பெடலை மெல்லத் தொட்டேன். கார் அவிழ்த்துவிட்ட கன்றுபோலப் பாய்ந்தது. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை முத்தமிட ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினேன். மரக்கறிக்காரி ஒருத்தி கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே என்னைத் திட்டினாள். செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. வியாழன் வீட்டுக்கு வந்து, அந்தக் கொட்டாஞ்சேனை மனிதர் காரைக் கெடுத்துவிட்டார் என்று கத்தினேன்.

மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "அப்பிடியா? கார் நல்லாத்தானே இருக்கு" என்றாள். பிறகு மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அப்போதும் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை நான் புறப்படும்போது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். "கொட்டாஞ்சேனைக்குத்தானே. நானும் வாறேன். ஹெந்தளையில அக்காவப் பாக்கணும்" என்றாள். ஏறிப் பின் இருக்கையில் அமர்ந்தாள். கையில் ஒரு கச்சான் சரை, கடதாசிச் சுருளில் வறுத்த கடலை.

கராஜில் அவர் லெப்டொப்போடு என் பக்கத்து இருக்கையில் ஏறினார். பெட்டியின் புதுப் பதிவைப் பார்த்ததும், "இந்த ஞாயிறும் அடிச்சிருக்கீங்களே சேர்! முன்ன விட வடிவு!" என்றார். பின்னால் கச்சான் உடைபடும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது.

எக்ஸ்பிரஸ்வேயில் ஏறினோம். "இப்ப மிதிங்க சேர்" என்றார். மிதித்தேன். விசில் வந்தது, முதுகில் தள்ளியது, கால் தானாக மேலே வந்தது. "இன்னொரு தரம்." அதேதான். மூன்றாம் தரம் கண்ணை மூடாத குறையாக மிதித்தேன்; முதல் தடவையைவிட முன்னதாகவே காலை எடுத்துவிட்டேன். அவர் திரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"சேர்" என்றார் மெதுவாக. "லோக்ல இருக்கிற கால் இது இல்லயே. நான் வேற ஒராளுக்கல்லவா இந்தக் கணக்க எழுதியிருக்கேன்? ஓட்றவர் யாருன்னு தெரியாம நான் எப்பிடி முடிக்கிறது? பழைய மாதிரி மந்தமாக்கித் தந்துடவா?"

அதற்கு ஓம் என்று சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். கார் பழையபடி என்னோடு பதினெட்டு வீதத்தில் ஊர்ந்திருக்கும். அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் அதோடு மந்தமாகிப் போயிருக்கும். அது எனக்கு அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் கச்சான் உடைபடுவது நின்றிருந்தது.

கெரவலப்பிட்டியில் எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கி, ஹெந்தளைப் பக்கம் திரும்பும் வழியில் ஓரமாக நிறுத்தினேன். "அது நானில்லை" என்று அவரிடம் சொன்னேன். சொல்ல ஒரு நொடிதான் எடுத்தது. இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தேன்.

"இஞ்சரும். நீர் ஓட்டும்."

அவள் ஆச்சரியப்படவில்லை. கச்சான் சரையைச் சுருட்டி என் கையில் தந்தாள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி ஒதுக்கினாள். குனிந்து, பார்க்காமலே விரலை இடுக்குக்குள் விட்டு, நாலாக மடித்த அந்த டிக்கெட்டை எடுத்தாள்.

"இத வச்சிருங்க" என்று என்னிடம் நீட்டினாள். "தொலைச்சிடாதீங்க, பிறகு திரும்ப வைக்கணும்."

கொட்டாஞ்சேனைக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

அவள் இருக்கையை மூன்று சொடுக்கு முன்னே இழுத்தாள், கண்ணாடியைத் தாழ்த்தினாள், சிலுவை அடையாளம் போட்டாள். நான் பின் இருக்கையில் கச்சானோடு இருந்தேன். சந்தைக்கு முன்னால் என்னை அவமானப்படுத்திய கார் அவள் காலுக்குக் கீழே ஒரு குலுக்கல் இல்லாமல் புறப்பட்டது. மறுபடி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி இடமும் வலமும் பார்த்தாள், இரண்டாம் கியருக்குப் போனாள், மிதித்தாள். விசில் வந்தது. என் முதுகு இருக்கையோடு ஒட்டியது. முள் ஏறியது, ஏறியது, நான் மூன்று பிள்ளையார்களைக் கூப்பிட்டு முடிக்குமுன் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே அவள் கை அசைந்தது, மூன்றாம் கியர். வேகம் நூறுக்குச் சற்றுக் கீழே நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கு என்ன உரிமை என்றும் கூடவே தோன்றியது.

"சா!" என்றார் அவர். லெப்டொப்பை மூடிவிட்டார். பிறகு, "அக்கா, இதுல நான் ஒண்ணும் மாத்தத் தேவையில்ல" என்றார். என்னை எப்போதும் சேர் என்றே கூப்பிட்டவர் அவளை அக்கா என்று கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஒரு ஒப்புக்காக என்னையும் திரும்பிப் பார்த்து, "சேருக்குத் தனியா ஒரு சாதுவான கணக்கு எழுதித் தாறேன். ஒரு சுவிச்ச தட்டினா மாறும்" என்றார்.

ஹெந்தளையில் மனைவியின் அக்காவைப் பார்த்து, கொட்டாஞ்சேனைக்காரரைக் கராஜில் இறக்கிவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் வீடு திரும்பினோம். அவள்தான் ஓட்டினாள். காலிமுகத்திடலைத் தாண்டும்வரை நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அந்தப் பெட்டி எல்லாத்தையும் பதியுமெண்டு நான் சொன்னனான்தானே" என்றேன் கடைசியில். "தெரிஞ்சும் ஏன் ஓட்டினனீர்?"

"எழுதட்டும்னுதான்."

சிவப்பு விளக்கில் நின்றோம்.

"கேப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள். "முதல் கிழமை பாத்தேன். ரெண்டாம் கிழமை பாத்தேன். நீங்க பஸ் டிக்கெட் வச்சீங்க."

நீதிமன்றப் பழக்கத்தில் ஒரு பலவீனமான வாதத்தை எடுத்து நீட்டினேன். "போற ஆளைக் கேக்கக் கூடாதெல்லோ. அது எங்கடை வழக்கம்."

விளக்குப் பச்சையானது. அவள் முன்னால் போன ஓட்டோவுக்கு இடம் விட்டு, மெதுவாகக் காரை எடுத்தாள்.

"போறப்பதான் கேக்கக் கூடாது" என்றாள். "வந்த பிறகு கேக்கலாம்தானே. இருபத்தெட்டு வருஷமா நான் திரும்பி வந்துகிட்டுத்தான் இருக்கேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெள்ளவத்தை வந்தது. அந்தக் குறுகிய இறக்கத்தில் அவள் புகைக்குழாய் உரசாமல் இறக்கினாள். காவலாளி எழுந்து நின்று அவளுக்கு மரியாதை வைத்தார். இருக்கையைப் பின்னுக்குத் தள்ள அவள் குனிந்தாள். "விடும், அப்பிடியே இருக்கட்டும்" என்றேன். திங்கட்கிழமை நான் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க ஏறி, நானே அதைத் தள்ளிக்கொண்டேன். மூன்று சொடுக்கு.

அதற்கு முதல் நாள், ஞாயிறு, அவள் புறப்படும் சத்தத்தில் நான் முழுதாகவே விழித்தேன். "தூரவோ?" என்றேன். "கிட்டத்தான்" என்றாள். நித்திரை வரவில்லை. எழும்பி முகம் கழுவி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். வழக்குக்குக் கூப்பிடக் காத்திருக்கும் கட்சிக்காரர்கள் ஏன் அப்படிக் கால் ஆட்டுகிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

எட்டு மணிக்குப் பூட்டில் திறப்புச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவள் என்னைக் கண்டு, ஒரு கையில் செருப்போடு அப்படியே நின்றாள்.

"எங்க போட்டு வாறீர்?" என்று கேட்டேன்.

அவள் செருப்பைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரில் இருந்த கதிரையில் அமர்ந்தாள்.

"எந்த ஞாயிறுல இருந்து சொல்லணும்?" என்றாள்.

"முதல் ஞாயிறிலையிருந்து" என்றேன்.